99 சதவீதம் என்றால் எதில்?

இணையப் பக்கங்களில் வீடியோவையும் அனிமேஷனையும் ஓடவைக்க உலாவியில் சேர்க்கும் மென்பொருளாக ஒரு காலத்தில் இருந்தது ஃபிளாஷ் பிளேயர். அதை வெளியிட்டுவந்த அடோபி நிறுவனம் 2010 வாக்கில் ஓர் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது: இணையத்தில் இருக்கும் கணினிகளில் 99 சதவீதத்தில் ஃபிளாஷ் பிளேயர் இருக்கிறது. ஃபிளாஷில் செய்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. கணக்கெடுத்தது மில்வர்ட் பிரவுன் என்ற சந்தை ஆய்வு நிறுவனம். செலவு அடோபியுடையது.

பணம் கொடுத்தார்கள் என்பதாலேயே எண் பொய்யாகிவிடாது. மேசைக் கணினிகளில் ஃபிளாஷ் ஏறக்குறைய எங்கும் இருந்தது. ஆனால் பள்ளியில் படித்த பின்னத்தை நினைத்துப் பாருங்கள்: மேலே தொகுதி, கீழே பகுதி. எதையெல்லாம் பகுதியில் சேர்ப்பது என்று முடிவு செய்பவர் கையில்தான் சதவீதம் இருக்கிறது.

அந்த 99, அமெரிக்கா, ஜப்பான் போன்ற வளர்ந்த சந்தைகளுக்கானது. அதிலும் கணினிகள் மட்டும். 2007-இல் வந்த ஐபோனில் ஃபிளாஷ் கிடையாது. ஆனால் எத்தனை கோடி ஐபோன் விற்றாலும் இந்த எண் அசையாது, ஏனென்றால் போன்கள் பகுதியிலேயே இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. மக்கள் போனுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், அந்த மாற்றத்தையே காணமுடியாத ஓர் அளவுகோல் அது.

சரி, சிலரிடம் கேட்டு எல்லோரையும் பற்றிச் சொல்லலாமா? தாராளமாக. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். 1000 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தால், பெரும்பாலும் 3 சதவீதப் புள்ளிக்குள்தான் பிழை வரும். ஆனால் பதம் பார்த்தது அந்தப் பானைக்கு மட்டும்தான். பக்கத்து அடுப்பில் இருப்பது வெந்ததா என்று அது சொல்லாது. இங்கே கேட்கப்பட்டவர்கள் இணையவழிச் சர்வேக்குப் பதில் சொல்ல முன்வந்தவர்கள். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாத ஊழியர் அவர்களில் எத்தனை பேர்? ஆட்களை இன்னும் ஆயிரம் கூட்டினாலும் இந்தச் சாய்வு குறையாது.

அப்புறம் பதிப்பு. ஃபிளாஷ் இருப்பது வேறு, உங்கள் வீடியோவுக்குத் தேவையான புதிய ஃபிளாஷ் இருப்பது வேறு.

2011 நவம்பரில், போன் உலாவிகளுக்கான ஃபிளாஷை மேற்கொண்டு உருவாக்கப் போவதில்லை என்று அடோபியே அறிவித்தது. கணினிகளில் அது 2020 டிசம்பர் 31 வரை தாக்குப்பிடித்தது.

அந்தக் காலத்திலும் தளம் நடத்துபவர்களுக்கு வேறு வழி இருந்தது. வருகிறவரின் உலாவியில் ஃபிளாஷ் இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்பதைச் பக்கத்தில் சேர்க்கும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலே கண்டுபிடித்துவிடும். ஒரு மாதம் எண்ணினால் போதும். கிடைப்பது 99 ஆகவும் இருக்கலாம், 80 ஆகவும் இருக்கலாம். ஆனால் அதன் பகுதியில் இருப்பவர்கள் உங்களிடம் வந்தவர்கள்.