மோட்டாரை எழுப்பும் மிஸ்டு கால்

பல்லடம் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிணற்று மோட்டாருக்கு சிம் போட்ட ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறேன். வீட்டிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடுகிறது. பேலன்ஸில் ஒரு பைசாகூடக் குறைவதில்லை. காசு வாங்காமல் கம்பெனிக்காரர்கள் இந்த வேலையை ஏன் செய்து கொடுக்கிறார்கள்?" மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து, நள்ளிரவில் டார்ச் அடித்துக்கொண்டு, வரப்பில் பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தவர்களுக்குத்தான் இந்தக் கருவியின் அருமை தெரியும்.

விடையில் ஒரு பாதி கட்டண விதியில் இருக்கிறது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசி இந்தியாவில் செல்பேசியைத் தொடங்கிவைத்த காலத்தில், அழைப்பவருக்கு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆயிற்று. அழைப்பை எடுத்தவரும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003 மே மாதத்திலிருந்து அழைப்பவர் மட்டுமே கட்டணம் செலுத்தினால் போதும் என்றானது. பேசக் காசில்லாதவரும் செல்பேசி வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. 2003 தொடக்கத்தில் ஒன்றரைக் கோடியை எட்டாதிருந்த செல்பேசி இணைப்புகள் 2012இல் 85 கோடியைத் தாண்டியதற்கு, விலை குறைந்த கருவிகளோடு இந்த விதியும் முக்கியக் காரணம் என்பேன்.

மறுபாதி, மணி அடிப்பதற்கு முன்னால் நடக்கும் காரியங்களில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் இருப்பது 2ஜி என்பதால் அந்த முறையையே சொல்கிறேன். 4ஜியில் பெயர்களும் கருவிகளும் மாறியிருந்தாலும் வரிசை ஏறத்தாழ இதுவே.

சும்மா கிடக்கும் செல்பேசி எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்பது நிறுவனத்துக்குச் சரியாகத் தெரியாது. பல கோபுரங்கள் அடங்கிய ஒரு வட்டாரத்துக்குள் இருக்கிறது என்பது மட்டும் பதிவேட்டில் இருக்கும். ஆகவே அழைப்பு வந்ததும், அந்த வட்டாரத்துக் கோபுரங்கள் எல்லாம் சேர்ந்து தண்டோரா போடுகின்றன. அந்தத் தண்டோராவில்கூட நம்முடைய உண்மையான எண் வராது; ஒட்டுக்கேட்பவர்களுக்குத் தெரியாமலிருக்க நிறுவனம் தற்காலிகமாகச் சூட்டிய ஒரு புனைபெயரே வரும். செல்பேசி இதை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது என்பதால், தன் முறை வரும் கணத்தில் மட்டும், அதாவது அரை நொடிக்கோ இரண்டு நொடிக்கோ ஒருமுறை, கண்விழித்துக் கேட்டுவிட்டு மறுபடி உறங்கிவிடுகிறது.

தன் பெயர் காதில் விழுந்ததும் அது கோபுரத்தின் கதவைத் தட்டுகிறது. அந்தத் தட்டலில் இருக்கும் செய்தி எட்டே எட்டு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற எட்டு இலக்கங்கள். அதில் ஒரு பகுதி வந்த காரணத்தைச் சொல்லும், மீதி குருட்டாம்போக்கில் பொறுக்கிய ஓர் எண். கோபுரம் பதில் சொல்லும்போது அந்த எண்ணைத் திருப்பிச் சொல்வதால், பதில் தனக்குத்தான் என்று செல்பேசி அறிந்துகொள்கிறது. ஒரே கணத்தில் இரண்டு செல்பேசிகள் தட்டிவிட்டால் இரண்டும் குழம்பிப்போகும். அப்போது ஒவ்வொன்றும் மனம்போன அளவு நேரம் பொறுத்திருந்து மறுபடியும் தட்டும். வரிசையில் நிறுத்த யாரும் இல்லை, ஆனாலும் வேலை நடந்துவிடுகிறது. இந்த உத்தி ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் தீவுகளிலிருந்த கணினிகளை வானொலி அலையால் இணைத்து, 1971இல் இயக்கிக் காட்டிய அலோஹா வலையமைப்பிலிருந்து வந்தது. அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த அந்த ஆராய்ச்சி கொங்கு நாட்டுக் கிணற்று மோட்டாருக்கு உதவும் என்று விண்ணப்பத்தில் யாரும் எழுதியிருக்க முடியாது. உடனடிப் பயன் என்னவென்று கேட்டே நிதியை நிறுத்தும் நம்மூர்க் குழுக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கதவு திறந்ததும் சிம் அட்டை உண்மையானதுதானா என்ற சோதனை நடக்கிறது. பிறகு அழைப்பவரின் எண் வந்து சேர்கிறது. எண் என்றால் வெறும் இலக்கங்கள், அவ்வளவுதான். சிவப்பு எழுத்தில் வரும் ஓர் எண்ணை எடுத்தால் போன் வெடித்து ஆள் செத்துப்போவார் என்று முன்பு பரவிய வதந்தியை நம்பிப் படித்தவர்களே செல்பேசியை அணைத்துவைத்தது இன்றும் எனக்கு வியப்புதான். தோட்டத்து ஸ்டார்ட்டர் இந்த இலக்கங்களைத் தன்னிடம் பதிந்துவைத்த எண்களோடு ஒப்பிட்டு, பொருந்தினால் அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரைப் போடுகிறது.

மனிதர் கையிலுள்ள செல்பேசியோ 'மணி அடிக்கிறது' என்று, அழைப்புகளை இணைத்துவைக்கும் நிறுவனத்தின் இணைப்பகத்துக்குச் சொல்லி அனுப்பும். அழைப்பவர் காதில் விழும் ட்ரிங் ட்ரிங், எதிர்முனைச் செல்பேசியிலிருந்து வருவதன்று; இணைப்பகமே எழுப்பும் ஒலி அது. எதிர்முனையில் சைலண்டில் போட்டிருந்தாலும் காலர் டியூன் நமக்குக் கேட்பது இதனால்தான். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் 'எடுத்துவிட்டார்' என்ற செய்தி இணைப்பகத்துக்குப் போகிறது. கட்டண மீட்டர் ஓடத் தொடங்குவது அந்தக் கணத்தில்தான். அதற்கு முன்பு செய்த தேடல், தட்டல், சோதனை எல்லாம் நிறுவனத்தின் செலவு. மிஸ்டு கால் என்பது இந்த இடைவெளிக்குள் ஒரு சேதியை அனுப்பிவிடும் சாமர்த்தியம்.

இந்தச் சாமர்த்தியம் நமக்கு மட்டும் உரியதன்று. ருவாண்டாவில் இதை பீப் என்பார்கள், நைஜீரியாவில் ஃபிளாஷ். ருவாண்டாவில் இதை ஆராய்ந்த ஜொனாதன் டோனர், வசதியுள்ளவரே திருப்பி அழைத்துக் காசு கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத விதியாக இருந்ததைப் பதிவு செய்தார். கல்லூரி விடுதியிலிருந்து வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுத்து அப்பாவின் அழைப்புக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிறுவனங்களும் இந்தக் கணக்கை அறியாதவை அல்ல. ஒரு நிறுவனத்தின் அழைப்பை இன்னொன்று ஏற்றுச் சேர்த்தால், அழைத்தவரின் நிறுவனம் சேர்த்த நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 6 பைசா கொடுத்த காலத்தில், மணி அடிக்கும் நேரத்தைக் குறைத்தால் மிஸ்டு கால் பெருகும், திருப்பி அழைப்பவர் எதிர்த்தரப்பு வாடிக்கையாளர் என்பதால் பைசா நம் பக்கம் வரும் என்று ஒரு நிறுவனம் கணக்குப் போடுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. கடைசியில் 2019 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், செல்பேசியில் 30 நொடி மணி அடிக்க வேண்டும் என்று வரையறுத்தது.

ஆக, காசு வாங்காமல் செய்கிறார்கள் என்று வாசகர் எழுதியது முழுச் சரியல்ல. 2018 இறுதியிலிருந்து, உள்வரும் அழைப்பு வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்தாக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. ஒரு சொல்லும் பேசாத மோட்டார் சிம்முக்கும் பேசும் மனிதருக்குரிய கட்டணம் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. டேட்டா இல்லாத திட்டங்களையும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதித்திருப்பதால், அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். புதிதாக ஸ்டார்ட்டர் வாங்குவோர் அது 2ஜியா 4ஜியா என்பதையும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்; ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால், பழைய கருவியில் அந்த சிம்மைப் போட்டால் தண்டோரா அதன் காதில் விழாது.