அந்த ஹெடர் கோப்பைத் தேடாதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது அழைப்பு. இம்முறை ஐஃபோன் ஆப் எழுதும் ஒரு தம்பி. "அண்ணா, ஸ்விஃப்ட் ஹெடர் ஃபைல் காணோம்னு எரர் வருது. ப்ராஜெக்ட் முழுக்கத் தேடிட்டேன், இல்ல. அதனால அதே பேர்ல நானே ஒண்ணு உருவாக்கிட்டேன். இப்ப வேற எரரா வருது."

ஹெடர் என்பது, என்னென்ன கிளாஸ்கள் உண்டு என்று மற்றக் கோப்புகளுக்கு அறிவிக்கும் .எச் கோப்பு. திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன். ப்ராஜெக்ட் பெயர், அதன் பின்னால் ஒரு சிறு கோடு, பிறகு 'ஸ்விஃப்ட்.எச்'. பெயர் எழுத்துப் பிசகாமல் சரியாக இருந்தது. உள்ளே ஒரு வரிகூட இல்லை. கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) அந்த வெற்றுக் கோப்பையே எடுத்துக்கொண்டு, 'இந்த கிளாஸ் யாரென்று தெரியாது' என்று வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தது. முன்பு ஒரே ஒரு பிழை. இப்போது எண்ணி முடியாத அளவு. அந்தத் தம்பி இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

நான் அன்றாடம் வேலை செய்வது இப்படி ஆப்ஜெக்டிவ்-சி, ஸ்விஃப்ட் என்ற இரு நிரல் மொழிகள் கலந்த ப்ராஜெக்ட்களில்தான். ஆப்ஜெக்டிவ்-சி 1980-களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸும் டாம் லவ்வும் உருவாக்கிய மொழி. ஆப்பிள் ஸ்விஃப்டை அறிவித்தது 2014 ஜூனில். பல ஆண்டு ஓடிய ஒரு ஆப்பை ஒரே வீச்சில் புது மொழிக்கு மாற்ற முடியாது. இரண்டும் ஒரே ப்ராஜெக்டில் பல வருடம் சேர்ந்து வாழத்தான் வேண்டும். அதில் தவறே இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்பதை யாரும் புதியவர்களுக்குச் சொல்லித்தருவதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

முதலில் அந்தக் கோப்பு விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. 'ஸ்விஃப்ட்.எச்' என்று முடியும் அந்த ஹெடர் நீங்கள் எழுதும் கோப்பு அல்ல. யாரோ அழித்துவிட்ட கோப்பும் அல்ல. ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடின் இடப்பக்கப் பட்டியலில் அது ஒருநாளும் தெரியாது. கோடு மாற்றங்களைச் சேமிக்கும் 'கிட்' (Git) கருவியில் ஏற்ற மறந்த கோப்பா என்று ஒருவர் பழைய கமிட்களை எல்லாம் தோண்டிப் பார்த்தார். அங்கேயும் இருக்காது, இருக்கவும் கூடாது. ஒவ்வொரு பில்டின்போதும், அதாவது கோடை (நிரலை) ஓடும் ஆப்பாக ஆக்கும்போதும், ஸ்விஃப்ட் கம்பைலர் உங்கள் ஸ்விஃப்ட் கோடைப் படித்து, அதில் ஆப்ஜெக்டிவ்-சி-க்குக் காட்டத்தக்கவற்றை மட்டும் எடுத்து, பில்ட் வெளியீடுகள் இருக்கும் இடத்தில் தானே எழுதிவைக்கும் கோப்பு அது. ஆகவே 'கோப்பு காணவில்லை' என்றால் அதற்குப் பொருள், 'அதை எழுதும் வேலை இன்னும் முடியவில்லை, அல்லது நடுவில் நின்றுவிட்டது' என்பதுதான். இல்லாததைத் தேடிப் பயனில்லை. ஏன் உருவாகவில்லை என்று கேளுங்கள்.

பில்ட் வரிசை இதுதான். ஸ்விஃப்ட் கம்பைலர் முதலில் பிரிட்ஜிங் ஹெடரை, அதாவது பழைய மொழியின் கோடை ஸ்விஃப்டுக்குக் காட்டும் ஹெடரைப் படிக்கிறது; அதில் இம்போர்ட் செய்த ஆப்ஜெக்டிவ்-சி ஹெடர்கள் வழியாகப் பழைய கிளாஸ்களைத் தெரிந்துகொள்கிறது. பிறகு ஸ்விஃப்ட் கோடைப் புரிந்துகொண்டு அந்த ஹெடரை எழுதுகிறது. அதற்குப் பிறகுதான் ஆப்ஜெக்டிவ்-சி கோடு இருக்கும் .எம் கோப்புகள் அதை இம்போர்ட் செய்ய முடியும். இப்போது, பிரிட்ஜிங் ஹெடரில் இருக்கும் ஒரு .எச் கோப்பே 'ஸ்விஃப்ட்.எச்'-ஐ இம்போர்ட் செய்தால் என்ன ஆகும்? இன்னும் பிறக்காத கோப்பை அதைப் பெற்றெடுக்க வேண்டியவரிடமே கேட்கிறோம். வட்டம்.

"அப்படியானால் நேற்றுவரை எப்படி ஓடியது?" நியாயமான கேள்வி. நேற்றைய பில்டில் உருவான பழைய ஹெடர் வட்டில் அப்படியே கிடந்தது. கம்பைலர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தப்பான இம்போர்ட் அன்றைக்கே உள்ளே வந்துவிட்டது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் உங்கள் கணினியில் ஓடுவது பில்ட் சர்வரில் விழுகிறது. சர்வர் ஒவ்வொரு முறையும் வெறும் தரையிலிருந்து தொடங்குகிறது. வெளியீட்டு நாள் மாலையில் இது நடந்தால் குழு முழுவதும் சர்வரைத்தான் குறை சொல்லும். சர்வர் சரியாகத்தான் சொல்கிறது.

இங்கே டிரைவ்டு டேட்டாவை, அதாவது எக்ஸ்கோடு பில்ட் வெளியீடுகளைச் சேர்த்துவைக்கும் ஃபோல்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எந்த இம்போர்ட் பிழை வந்தாலும் முதல் காரியமாக அதை அழித்துவிட்டு எக்ஸ்கோடைத் திரும்பத் திறப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. சில வேளை உதவும், மறுக்கவில்லை. ஆனால் வட்ட இம்போர்ட் இருக்கும் ப்ராஜெக்டில் அழித்தால், அதுவரை தாங்கிப் பிடித்த பழைய ஹெடரும் போய்விடும். அழித்த பிறகு பிழை புதிதாக வந்தால் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயப்படாதீர்கள். ஒளிந்திருந்த கோளாறு வெளியே வந்திருக்கிறது. நல்லது. திரும்பத் திரும்ப அழிப்பதை நிறுத்திவிட்டு பில்ட் லாக்கைப் படியுங்கள்.

பில்டில் நடந்ததை வரி வரியாகக் காட்டும் அந்த லாக்கில், பிழைக்கு மேலே 'இந்தக் கோப்பில் சேர்க்கப்பட்டது' (In file included from) என்று அடுத்தடுத்துச் சில வரிகள் வரும். அவற்றைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். பிரிட்ஜிங் ஹெடரில் தொடங்கி, எந்த .எச், அதற்குள் எந்த .எச் என்று படிப்படியாகக் காட்டி, கடைசியில் 'ஸ்விஃப்ட்.எச்' இம்போர்ட் ஆன வரி எண்ணில் நிற்கும். குற்றவாளி அந்தக் கடைசிக் கோப்பு. அந்த இம்போர்ட் வரியை அதன் .எம் கோப்புக்கு நகர்த்துங்கள். .எச் கோப்பில் ஸ்விஃப்ட் கிளாஸின் பெயர் தேவைப்பட்டால் '@கிளாஸ்' என்று, இப்படி ஒரு கிளாஸ் உண்டு என மட்டும் சொல்லும் ஒரு முன்னறிவிப்பு போதும். ஸ்விஃப்ட் ப்ரோட்டோகாலை (ஒரு கிளாஸ் செய்ய வேண்டியவற்றின் பட்டியலை) ஏற்கும் கிளாஸாக இருந்தால், ஏற்பதை .எம் கோப்பில் உள்ள கிளாஸ் எக்ஸ்டென்ஷனில் எழுதுங்கள், ப்ரோட்டோகாலுக்கு .எச்-இல் வெறும் முன்னறிவிப்பு வைத்து ஏற்க முடியாது. ஸ்விஃப்ட் கிளாஸிலிருந்து ஆப்ஜெக்டிவ்-சி கிளாஸ் ஒன்றை வழிவரச் செய்யவே முடியாது. அதற்கு வழி தேடி ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

வட்டம் இல்லை, ஆனாலும் ஹெடர் காணவில்லை என்றால்? ஸ்விஃப்ட் கோடிலேயே எங்கோ ஒரு சாதாரணப் பிழை இருக்கலாம். அது அந்த ஹெடர் உருவாவதையே நிறுத்திவிடும். பட்டியலில் 'ஹெடர் காணோம்' என்பது சிவப்பாக மேலே நிற்கும்; உண்மைக் காரணமான விட்டுப்போன அடைப்புக்குறி கீழே எங்கோ கிடக்கும். ஸ்விஃப்ட் கோப்புகளில் உள்ள பிழைகளை முதலில் திருத்துங்கள். மற்றவை பெரும்பாலும் தானாக மறையும்.

சரி, ஹெடர் கிடைக்கிறது, கிளாஸ் மட்டும் தெரியவில்லை. இது வேறு நோய். 2017-இல் வந்த ஸ்விஃப்ட் 4-இலிருந்து, ஆப்ஜெக்டிவ்-சி-யின் அடிப்படை கிளாஸான என்எஸ்ஆப்ஜெக்டிலிருந்து வழிவரும் கிளாஸ் என்றாலும் அதன் மெத்தட்களும் ப்ராபர்ட்டிகளும் பெரும்பாலும் தானாக ஆப்ஜெக்டிவ்-சி-க்குப் போவதில்லை. '@ஆப்ஜ்சி' (@objc) என்று நாமே குறிக்க வேண்டும். ஸ்ட்ரக்ட், டியூப்பிள், ஜெனரிக் கிளாஸ், முழு எண் மதிப்பில்லாத ஈனம் (enum) ஆகியவை எந்தக் குறி போட்டாலும் போகாது; அவற்றைச் சுற்றி ஒரு சிறு கிளாஸ் எழுதித்தான் அனுப்ப வேண்டும். நீங்கள் பில்ட் செய்வது ஆப் அல்ல, மற்ற ஆப்கள் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க் டார்கெட்டாக இருந்தால் 'பப்ளிக்' அல்லது 'ஓப்பன்' என்றும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இம்போர்ட் வரியில் கமாண்ட் விசையை அழுத்திச் சொடுக்கி, உருவான ஹெடரைத் திறந்து கண்ணால் பாருங்கள். அதில் இல்லாத கிளாஸை ஆப்ஜெக்டிவ்-சி ஒருபோதும் பார்க்காது.

எதிர்த்திசையில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ஸ்விஃப்டிலிருந்து ஒரு ஆப்ஜெக்டிவ்-சி மெத்தடை அழைக்கிறீர்கள். கிளாஸ் தெரிகிறது, அந்த ஒரு மெத்தட் மட்டும் 'இல்லை' என்கிறது. ஹெடரைத் திறந்தால் கண் முன்னால் இருக்கிறது. அந்த மெத்தட் வாங்கும் அல்லது திருப்பித் தரும் டைப், அங்கே '@கிளாஸ்' முன்னறிவிப்பாக மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டைப்பின் முழு ஹெடர் பிரிட்ஜிங் ஹெடரில் இல்லையென்றால், ஸ்விஃப்ட் 6-க்கு முந்தைய மொழி முறையில் ஸ்விஃப்ட் அந்த மெத்தடையே விட்டுவிடும். ஒரு வரி இம்போர்ட் சேர்த்தால் மெத்தட் திரும்ப வந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்ஜிங் ஹெடர் செட்டிங் டார்கெட்டுக்குத் தனித்தனி; புதிதாக விட்ஜெட் டார்கெட் சேர்த்தால் அதற்கும் வேண்டுமா என்று யோசியுங்கள். உருவாகும் ஹெடரின் பெயர் மாட்யூல் பெயரிலிருந்து வருகிறது, நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஆப் பெயரிலிருந்து அல்ல. பெயரில் இடைவெளியோ குறியோ இருந்தால் அங்கே அடிக்கோடு விழும். ஃபிரேம்வொர்க்கில் பிரிட்ஜிங் ஹெடர் வேலை செய்யாது, அதன் பொது ஹெடர்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் அம்ப்ரெல்லா ஹெடர்தான். ஆப்ஜெக்டிவ்-சி++ எழுதும் .எம்எம் கோப்புகளில் பொதுவாக மாட்யூல் வசதி இயங்காது, ஆகவே 'ஸ்விஃப்ட்.எச்'-க்கு முன்னால் ஃபவுண்டேஷன், யூஐகிட் முதலிய ஆப்பிள் ஃபிரேம்வொர்க்குகளை நீங்களே இம்போர்ட் செய்துவிடுங்கள். இந்தக் கடைசி ஒன்றில் நானே ஒரு காலத்தில் முழுதாக ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டு நண்பர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். கோட்லின், ஜாவா என்ற இரு மொழிகளின் கலப்பில் கோட்லின் கம்பைலர் முதலில் ஓடுகிறது. ஜாவா சோர்ஸைப் படித்துக்கொள்கிறது, ஆனால் ஜாவா கம்பைல் ஆகும்போது பிறக்கப்போகும் கோடை அதனால் பார்க்க முடியாது. லாம்பாக் என்ற ஜாவா கருவி தானாக உருவாக்கும் கெட்டர்களை (மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்களை) கோட்லின் 'தெரியாது' என்பது இதனால்தான். கோட்லினில் கிளாஸுக்கு வெளியே எழுதிய ஃபங்ஷன் ஜாவாவுக்கு, கோப்புப் பெயரோடு 'கேடி' (Kt) சேர்ந்த ஒரு கிளாஸுக்குள் இருப்பதாகத் தெரியும். அங்கேயும் யார் முதலில் கம்பைல் ஆகிறார் என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழைக்கு விடை கிடைக்கும்.

குழுவை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். .எச் கோப்புக்குள் 'ஸ்விஃப்ட்.எச்' இம்போர்ட் இருந்தால் கோடு ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்புங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது சுத்தமான பில்ட் ஒன்று ஓடட்டும். கலப்பு ப்ராஜெக்டில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே அரை மணி நேரம் இந்த பில்ட் வரிசையைச் சொல்லிக்கொடுங்கள். அது இல்லாமல் அவர்களை இரவெல்லாம் தனியாகப் போராட விடுவது நியாயமில்லை.

அந்தத் தம்பியின் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். முதலில் வெற்றுக் கோப்பை அழித்தோம். பழைய ஒற்றைப் பிழை திரும்ப வந்தது. லாக்கில் அந்த வரிகளைப் பின்தொடர்ந்தால், மூன்று நாள் முன்பு கூப்பன் கிளாஸ் ஒன்றை ஸ்விஃப்டில் எழுதி, அதை ஒரு ப்ராபர்ட்டியாக வைப்பதற்காக கார்ட் திரையின் .எச் கோப்பில் இம்போர்ட் போட்டிருக்கிறார். அந்த .எச் ஏற்கெனவே பிரிட்ஜிங் ஹெடரில் இருக்கிறது. ஒரு வரியை .எம் கோப்புக்கு நகர்த்தி, அந்த இடத்தில் '@கிளாஸ்' எழுதினோம். டிரைவ்டு டேட்டாவை அழித்துவிட்டு பில்ட் செய்யச் சொன்னேன். அழிக்க அவருக்குக் கை நடுங்கியது. பச்சைக் குறி வந்தது.

அப்புறம், என்னை அழைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கடைசிப் பிழையின் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். பில்ட் லாக்கை முழு எழுத்தாக நகலெடுத்து அனுப்புங்கள், அந்த 'இந்தக் கோப்பில் சேர்க்கப்பட்டது' வரிகளோடு.