ராக்கெட் மனிதனின் முதுகில் ஒரு வெள்ளித் திரை

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விடுமுறையில் எட்டு வயது மகளோடு உட்கார்ந்து 'தி ராக்கெட்டியர்' பார்த்தாராம். ஜோ ஜான்ஸ்டன் இயக்கத்தில் 1991-ல் டிஸ்னி வெளியிட்ட படம். கதை நடப்பது 1938-ல், லாஸ் ஏஞ்சலீஸில். கிளிஃப் என்ற இளம் விமானியின் கையில் ஒரு ராக்கெட் சிக்குகிறது. அதை முதுகில் மாட்டிக்கொண்டு அவன் பறக்க, நாஜி உளவாளிகள் துரத்துகிறார்கள். படம் முடிந்ததும் மகள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள்: "நிஜமாவே இப்படிப் பறக்க முடியுமாப்பா? கால் வெந்து போயிடாதா?"

இரண்டுமே அருமையான கேள்விகள். அதற்கு முன் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டேவ் ஸ்டீவன்ஸ் 1982-ல் வரையத் தொடங்கிய சித்திரக்கதைதான் இதன் மூலம். அவருக்கோ, சிறுவயதில் பார்த்த பழைய தொடர்படங்களின் மீது தீராத காதல். வாரம் ஒரு பாகமாகத் தியேட்டரில் ஓடி, கதாநாயகன் செத்தானா பிழைத்தானா என்ற இடத்தில் நிறுத்திவிடுவார்களே, அந்த வகை. ரிபப்ளிக் நிறுவனம் 1949-ல் எடுத்த 'கிங் ஆஃப் தி ராக்கெட் மென்' 12 பாகங்கள். தோல் ஜாக்கெட், தோட்டா வடிவ ஹெல்மெட், மார்பில் மேலே–கீழே, வேகம்–மெதுவாக என்று எழுதிய திருகுகள். கணினி வரைகலை இல்லாத காலம். தந்திரக்காட்சி நிபுணர்களான லைடெக்கர் சகோதரர்கள் ஆளுயரப் பொம்மை ஒன்றைக் கம்பியில் சறுக்கவிட்டு, நிஜமான வானத்தின் கீழ் படம்பிடித்தார்கள். இன்று பார்த்தாலும் அந்தப் பொம்மை பறக்கும் அழகு எனக்குச் சலிப்பதில்லை.

சரி, முதல் கேள்வி. முடியும். பறந்தும் காட்டிவிட்டார்கள். 1961 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகே ஹரால்டு கிரஹாம் என்பவர் முதுகில் ராக்கெட் கட்டிக்கொண்டு, கயிறு எதுவும் இல்லாமல், 13 விநாடிகள் பறந்தார். கடந்த தூரம் சுமார் 34 மீட்டர். கருவியை வடிவமைத்தவர் பெல் விமான நிறுவனப் பொறியாளர் வெண்டல் மூர். பெயர் 'ராக்கெட் பெல்ட்'.

இதில் யாரும் எதிர்பார்க்காத விஷயம், அந்த ராக்கெட்டில் நெருப்பே கிடையாது. எதுவும் எரிவதில்லை. வாயு வெளியேறும் குழாய் முனையிலிருந்து வெளியே வருவது நீராவியும் ஆக்சிஜனும்தான்.

சின்ன வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு போனால் கம்பவுண்டர் பழுப்பு நிறப் பாட்டிலிலிருந்து ஒரு திரவத்தை ஊற்றுவார். காயத்தில் பட்டதும் வெள்ளையாக நுரை பொங்கும். நான் வலியை மறந்து அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஹைட்ரஜன் பெராக்சைடு. தண்ணீர் மூலக்கூறில் கூடுதலாக ஓர் ஆக்சிஜன் அணு ஒட்டிக்கொண்டால் பெராக்சைடு. இரண்டு ஆக்சிஜன்களும் கைகோத்து நிற்கும் அந்தப் பிணைப்பு மிகவும் பலவீனமானது. கூடுதல் ஆக்சிஜனை விட்டுவிட்டுத் தண்ணீராக மாறவே பெராக்சைடு துடிக்கும். ஆனால் தானாக உடைய ஓர் ஆற்றல் மேட்டைத் தாண்ட வேண்டும். அதனால்தான் பாட்டிலில் மாதக்கணக்கில் சாதுவாகக் கிடக்கிறது. நம் ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அந்த மேட்டுக்குக் குறுக்குவழி போட்டுத் தருகிறது. உடனே தண்ணீரும் ஆக்சிஜனும் பிரிகின்றன. அந்த ஆக்சிஜன்தான் நுரை. பச்சை உருளைக்கிழங்குத் துண்டின் மேல் சில சொட்டு விட்டுப் பாருங்கள், அதிலும் பொங்கும். உருளைக்கிழங்கிலும் அதே நொதி இருக்கிறது.

மருந்துக்கடையில் கிடைப்பது 3 முதல் 6 சதவீதக் கரைசல். மிச்சமெல்லாம் தண்ணீர். ராக்கெட் பெல்ட்டில் ஊற்றியது 90 சதவீதம். இங்கே கேட்டலேஸுக்குப் பதில் வேலை செய்வது வெள்ளி. வெள்ளி பூசிய சன்னமான கம்பி வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு சிறிய உருளைக்குள் இறுக்கி வைத்திருப்பார்கள். நடுவில் உள்ள தொட்டியில் அழுத்தப்பட்ட நைட்ரஜன். இரண்டு பக்கமும் பெராக்சைடு. பறப்பவர் வலது கைப்பிடியைத் திருகினால் வால்வு திறக்கும், நைட்ரஜன் பெராக்சைடைப் பிடித்துத் தள்ளும், திரவம் வலைக்குள் பாயும். மூலக்கூறு வெள்ளியின் மேல் வந்து உட்கார்ந்ததும் அந்த ஆக்சிஜன் பிணைப்பு தளர்ந்து அறுகிறது. வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தில் தண்ணீர் முழுக்க ஆவியாகிறது. வலையின் ஒரு பக்கம் குளிர்ந்த திரவம் நுழைகிறது. சில அங்குலம் தள்ளி மறுபக்கம் 740 டிகிரி செல்சியஸ் வாயு பீறிடுகிறது. ஒரு லிட்டர் திரவம், வெளியே வந்து விரியும்போது ஏறத்தாழ ஐயாயிரம் லிட்டர் வாயு. தீக்குச்சி வேண்டாம், பம்ப் வேண்டாம். இவ்வளவையும் நடத்திவைத்த வெள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது, செலவாவதில்லை.

சினிமாவை நாம் வெள்ளித்திரை என்கிறோம். நிஜ ராக்கெட் மனிதனைத் தூக்கியதும் வெள்ளியால் ஆன திரைதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

அப்புறம் ஏன் நாமெல்லாம் இதில் ஏறி ஆபீஸ் போவதில்லை? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஆளும் கருவியும் சேர்த்து 130 கிலோ என்று வையுங்கள். அதை அந்தரத்தில் நிறுத்த 1,275 நியூட்டன் விசை வேண்டும். வாயு விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. ஆக, விநாடிக்கு ஒன்றேகால் கிலோவைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியில் இருப்பது 19 லிட்டர், அதாவது 26 கிலோ. வகுத்தால் 21 விநாடி. உண்மையிலேயே அவ்வளவுதான் பறந்தது. எரிபொருள் அளவு காட்டும் மானி கிடையாது. நேரம் முடியப்போகிறது என்று ஹெல்மெட்டுக்குள் ஒரு பஸ்ஸர் எச்சரிக்கும். பாராசூட்டும் உதவாது, அது விரியும் அளவுக்கு உயரமே இல்லை. அமெரிக்க ராணுவம் இதில் காட்டிய ஆர்வத்தைக் கைவிட்டதில் ஆச்சரியமில்லை. இப்போதைய ஜெட் உடைகள் வெளிக்காற்றை உள்ளிழுத்துத் தள்ளுவதால் சில நிமிடங்கள் தாங்குகின்றன.

படத்தில் நாஜிகள் ராக்கெட்டைத் திருட அலைகிறார்கள். நிஜத்தில் அவர்களுக்குத் திருட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கதை நடப்பதற்கு அடுத்த ஆண்டே, 1939 ஜூனில், ஜெர்மனியில் ஹைன்கெல் 176 என்ற குட்டி விமானம் ஹெல்முட் வால்டர் செய்த ராக்கெட் எஞ்சினால் மட்டுமே பறந்தது. அதிலும் பெராக்சைடுதான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ஏவிய வி-2 ஏவுகணையின் பம்புகளைச் சுழற்றியதும் அதுவே. இன்றும் விண்வெளி வீரர்களை ஏற்றிச்செல்லும் சோயுஸ் ராக்கெட்டின் பம்புகள் அதே நீராவியில்தான் சுழல்கின்றன.

இந்தத் திரவத்தை 1818-ல் கண்டுபிடித்தவர் பிரான்ஸின் லூயி ழாக் தெனார். வெள்ளி, பிளாட்டினம் போன்ற உலோகங்கள் தாம் மாறாமலே இதை உடைக்கின்றன என்பதை அப்போதே கவனித்து எழுதி வைத்தார். உயிருள்ள திசுக்களும் அதைச் செய்வதைக் கண்டார். என்ன பயன் என்று அவருக்குத் தெரியாது. நுரை ஏன் வருகிறது என்ற ஆசைதான். அந்த நுரை மனிதனைத் தூக்க 143 ஆண்டுகள் ஆயின. இப்போது ஆய்வுக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தால், மூன்று வருடத்தில் என்ன பலன் என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறார்கள். தெனார் அதில் எதை எழுதியிருப்பார்? ஆர்வத்துக்கு நிதி தராத நாடு, அடுத்தவர் கண்டுபிடித்ததை விலை கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இனி அந்தக் குழந்தையின் இரண்டாவது கேள்வி. படத்தில் இருப்பதுபோல் முதுகின் நடுவிலிருந்து நேராகக் கீழே பீய்ச்சினால் கால் வெந்தேதான் போகும். 740 டிகிரி நீராவி விளையாட்டில்லை. மூர் அதனால்தான் வாயுவை இரண்டு வளைந்த குழாய்களில் பிரித்து, தோள்களுக்குப் பின்னால் இரு பக்கமும் விலக்கிக் கொண்டுபோய், உடம்பைத் தொடாமல் சற்று வெளிப்புறமாகக் கீழே இறங்கவிட்டார். 1984 ஜூலை 28 அன்று ஒலிம்பிக் தொடக்க விழாவில் பில் சூட்டர் அப்படி ஒரு பெல்ட்டோடு மைதானத்துக்குள் பறந்து வந்து இறங்கினார். ஊர் அதே லாஸ் ஏஞ்சலீஸ். ஒளிப்பதிவு கிடைத்தால் மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் பின்னால் தீ இருக்காது. கால்கள் இரண்டும் இருபக்க நீராவித் தாரைகளுக்கு நடுவே சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.