ஏசெக்சுவல்: பாலீர்ப்பின்மை

வெள்ளவத்தையில் துப்பறிவாளர் ஷெர்லொக் ஹோம்ஸின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால், கதை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். "அவர் ஏசெக்சுவல்" என்பார் ஒருவர். "இல்லை, நண்பர் வொட்சனைத்தான் விரும்பினார்" என்பார் மற்றவர். சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்தால் இந்த வாதத்தில் பாதி தீரும்.

சொல்லின் தலையில் இருப்பது கிரேக்க எதிர்மறை முன்னொட்டு. நாம் அநீதி, அகாலம் என்கிறோமே, அந்த 'அ'வுக்கு உறவு. மீதி, பாலைக் குறிக்கும் லத்தீன். முதலில் உயிரியலில் வழங்கியது. இலங்கையில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு 'இலிங்கமில் இனப்பெருக்கம்' உடனே நினைவுக்கு வரும். ஆனால் அதை மனிதர்மேல் ஏற்றக்கூடாது. அங்கே பேச்சு இனப்பெருக்கம், இங்கே ஈர்ப்பு. 1948இல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் அல்பிரட் கின்சி தன் பாலீர்ப்பு அளவுகோலில் அடங்காதவர்களுக்கு வெறுமனே 'எக்ஸ்' என்று எழுத்திட்டார். 2001இல் டேவிட் ஜே, பாலீர்ப்பற்றவர்களுக்கான 'ஏவன்' இணைய அமைப்பைத் தொடங்கிய பிறகு, பிறர்மீது பாலீர்ப்பு எழாதவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயராக இது பரவியது.

தமிழில் 'பிரம்மச்சாரி' பொருந்தாது. ஆசை இருந்தும் விலகி நிற்பவரையும் அது குறிக்கும். 'ஆண்மையற்றவர்' என்பது பிழை மட்டுமல்ல, அவமதிப்பும்கூட. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்ற வரிசையில் 'பாலீர்ப்பின்மை'யே நன்றாக அமர்கிறது.

சரி, ஹோம்ஸ்? 1890இல் வந்த நாவலில், காதல் தன் தெளிந்த அறிவுக்கு எதிரானது, அதனால் மணம் முடிக்கமாட்டேன் என்கிறார். பலர் இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு இது துறவியின் பேச்சாகத்தான் படுகிறது. வலுவான சான்று 1891 சிறுகதையில் இருக்கிறது: அக்கதையில் வரும் பெண்ணான ஐரீன் அட்லர்மீது ஹோம்ஸுக்குக் காதல் போன்ற எதுவும் இருக்கவில்லை என்று வொட்சனே சொல்கிறார். அப்புறம், பிற்காலக் கதையொன்றில் வொட்சன்மீது குண்டு பட்டதும் ஹோம்ஸ் கலங்கிப்போகிறார். அந்த அன்பைப் பார்க்க ஒரு காயம் என்ன, பல காயங்களும் பெறலாம் என்று வொட்சன் நெகிழும் இடம் அது. இதைக் காட்டி "அப்படியானால் ஏசெக்சுவல் இல்லையே" என்பவர்கள் தடுமாறுகிறார்கள். பாலீர்ப்பு இல்லாதவருக்கு அன்பும் இருக்கலாம், காதலும் இருக்கலாம்.

தழுவல்கள் தனித்தனி. 1970இல் பில்லி வைல்டர் எடுத்த படத்தில், ஒரு நடனக்காரியிடமிருந்து தப்ப, வொட்சனும் தானும் இணையர் என்று ஹோம்ஸ் பாசாங்கு செய்கிறார். 2010 பிபிசி தொடரில் வேலையையே மணந்துவிட்டேன் என்கிறார். 2012இல் தொடங்கிய அமெரிக்கத் தொடரிலோ பெண்களோடு உறவு கொள்கிறார். ஆகவே மூலக் கதைகளை எழுதிய கொனன் டொயிலின் ஹோம்ஸைப் 'பாலீர்ப்பற்றவர்' என்று வாசிக்க இடமுண்டு; அந்த அமெரிக்க ஹோம்ஸுக்கு இச்சொல் அவ்வளவு எளிதில் பொருந்தாது.