நெட் அருகே கையைப் பின்னால் கொண்டுபோகாதீர்கள்

பேடில் என்ற தட்டையான மட்டையால் ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தை அடித்து ஆடும் பிக்கிள்பாலை என்னிடம் கற்க வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஷட்டிலோ டென்னிஸோ ஆடியவர்கள். பின்கோட்டில் நின்று நன்றாகவே அடிப்பார்கள். நெட் பக்கம் வந்ததும், ஃபோர்ஹேண்டுக்கு வாகாக வருகிற பந்தைத்தான் உயரத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். பேக்ஹேண்டில் இந்தத் தவறு குறைவு. அங்கே கை உடலுக்குக் குறுக்கே இருப்பதால் பின்னால் போக இடமில்லை. ஃபோர்ஹேண்டில் தோள் தாராளமாகத் திறக்கும், கையும் தன்னால் பின்னால் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நெட்டின் இருபுறமும் 7 அடி கிச்சன், அதாவது பந்து தரையில் படும் முன் அடிக்கக் கூடாத பகுதி. இரு தரப்பும் கிச்சன் கோட்டை ஒட்டி நின்றால் இடையில் 14 அடிதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க 0.3 விநாடி போதும். அதற்குள் கையைப் பின்னால் இழுத்துத் திரும்பக் கொண்டுவர நேரம் ஏது? பந்து தாமதமாகப் படும், அப்போது பேடிலின் முகம் மேல்நோக்கி இருக்கும்.

இதை வாயால் சொன்னால் மண்டையில் ஏறுவதில்லை. அதனால் சுவருக்கு முதுகைக் காட்டி, ஒரு சாண் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பந்தை மெதுவாகப் போடுவேன். கை பின்னால் போனால் பேடில் சுவரில் 'டக்'கென்று இடிக்கும். அந்தச் சத்தம் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது. சத்தம் நிற்கிற வரை வேறு எதையும் ஆரம்பிக்க மாட்டேன். பேடில் நெஞ்சுக்கு முன்னால், பந்தும் உடலுக்கு முன்னாலேயே படவேண்டும். அடி என்றுகூடச் சொல்ல வேண்டாம், முன்னால் ஒரு சின்னத் தள்ளல் போதும்.

அடுத்தது பிடி. சுத்தியலைப் பிடிப்பதுபோலப் பிடியுங்கள். பேக்ஹேண்டுக்கும் அதே பிடிதான், நெட் அருகே மாற்றிக்கொண்டிருக்க முடியாது. முழு பலத்தை 10 என்று வைத்தால் 3 அல்லது 4 அளவுக்கு இறுக்கம் போதும். பல வருடம் ஷட்டில் ஆடிய ஒருவர் பேடிலை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு பந்துக்கும் மணிக்கட்டைச் சுண்டிக்கொண்டே இருந்தார். சில வாரங்களில் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி. காபி டம்ளரைத் தூக்கினாலே வலிக்கிறது என்றார். ஷட்டில்காக் எடையே இல்லாதது, பிக்கிள்பால் பந்து அப்படி இல்லை. பேடிலும் ஷட்டில் பேட்டைவிடக் கனம். வலி வந்தால் பட்டை கட்டிக்கொண்டு ஆடாதீர்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

தாழ்வாக வரும் பந்துக்கு டிங்க், அதாவது எதிராளியின் கிச்சனுக்குள் விழும்படி மெதுவாகத் தட்டிவிடுவது. இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்குங்கள், கை தோளிலிருந்து ஊஞ்சல்போல ஆடட்டும். நெட்டின் உயரம் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. அதனால் குறுக்காகப் போடும் டிங்க் தாழ்ந்த இடத்தைத் தாண்டிப் போகும், பந்து இறங்கத் தூரமும் கூடுதலாகக் கிடைக்கும். தொடங்குகிறவர்கள் இதிலேயே பழகலாம். இன்னொன்று, வாலி, அதாவது பந்து தரையில் படும் முன்னே அடிப்பது, அடித்த வேகத்தில் கால் கிச்சனுக்குள் போனால் ஃபால்ட். பெரிதாகக் கை வீசுகிறவர்கள்தான் இதிலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம் கண். பின்னால் போன பேடில் முகத்துக்கு நேராக வருகிற பந்தைத் தடுக்காது. பவர் கண்ணாடியை நம்பாதீர்கள், விளையாட்டுக்கென்றே செய்த பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். அது இல்லாமல் நெட் பயிற்சிக்கு நான் யாரையும் நிற்கவிடுவதில்லை.