பேலன்ஸ் வரலை அக்கா

வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு வெளியே போன பிள்ளைகளிடமிருந்து மாதத்துக்கு ஒரு முறையாவது எனக்கு இந்த போன் வந்துவிடும். "அக்கா, பேலன்ஸ் இன்னும் வரலை."

கடைசியாகப் பேசிய தம்பிக்கு இருபத்துமூன்று வயது. ஒரு துணிக்கடையின் தீபாவளி விளம்பரத்துக்காக மூன்று நிமிட வீடியோ ஒன்றும் அதிலிருந்து ஆறு ரீல்ஸும் வெட்டிக் கொடுத்திருக்கிறார். பேசிய தொகை 40,000 ரூபாய். அட்வான்ஸ் 10,000 வந்தது. தீபாவளி முடிந்து பொங்கலும் போய்விட்டது. மீதி வரவில்லை.

நான் மூன்று கேள்வி கேட்டேன். எழுத்தில் என்ன இருக்கிறது? வாட்டர்மார்க் (படத்தின் மேல் தெரியும் அடையாளக் குறி) இல்லாத ஃபைல் அவர்களிடம் போய்விட்டதா? பில் அனுப்பினீர்களா? வாட்ஸ்அப்பில் ஒரு "ஓகே ப்ரோ" இருக்கிறதாம். ஃபைல் போய்விட்டதாம். பில் போடத் தெரியாதாம்.

அவர் வெட்டிய வீடியோவைப் பார்த்தேன். முகங்களில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்த கை. பதினைந்து வருடமாக சென்னை சாலிகிராமத்தில் ஒரு சின்ன எடிட் ரூமை நடத்துகிறேன். என் கண்முன் இந்தத் தொழிலை விட்டுப் போனவர்களில் வேலை தெரியாதவர்கள் மிகக் குறைவு. பணம் பேசத் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம். அதனால் இதை எழுதுகிறேன்.

அந்தத் தம்பி எட்டு நாள் வேலை என்று நினைத்து, நாளுக்கு 5,000 வைத்துத் தொகை சொல்லியிருக்கிறார். முடிந்தபோது இருபது நாள் ஆகியிருந்தது. முழுப்பணம் வந்தாலும் அவருக்கு நாளுக்கு 2,000தான். நடுவில் போன பன்னிரண்டு நாளும் கரெக்‌ஷன். முதலில் கடையின் மேனேஜர் பார்த்தார், ஓகே என்றார். பிறகு முதலாளி பார்த்தார். கடைசியாக முதலாளியின் மகள் பார்த்துப் பாட்டையே மாற்றச் சொன்னார். ஒவ்வொரு முறையும் "சின்ன சேஞ்ச்தான்" என்றே வந்திருக்கிறது.

சின்ன மாற்றம் என்பது எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது. ராஃப் கட்டில், அதாவது முதல் வரைவில், ஒரு ஷாட்டைத் தூக்குவது ஐந்து நிமிட வேலை. கலர், சவுண்ட், சப்டைட்டில் எல்லாம் முடிந்த பிறகு அதே ஷாட்டைத் தூக்கினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நகரும். மியூசிக்கின் ஏற்ற இறக்கம் தவறும், ஆறு ரீல்ஸையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். கிளையன்ட்டுக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சொல்லிவைக்க வேண்டியது நாம்தான். நான் கொட்டேஷனிலேயே எழுதிவிடுவேன்: ராஃப் கட்டுக்கு இரண்டு முறை கரெக்‌ஷன், பிக்சர் லாக்குக்கு (ஷாட்களின் வரிசையும் நீளமும் முடிவாவதற்கு) பிறகு ஒரு முறை, அதற்கு மேல் நாள் கணக்கில் தனிக்கட்டணம். எல்லாருடைய கருத்தையும் சேர்த்து ஒரே மெயிலில் அனுப்பப்போகிறவர் யார் என்று ஒரு பெயரையும் கேட்டு வாங்கிவிடுவேன். இந்த ஒரு பெயர் காப்பாற்றிய இரவுகள் எனக்கு நிறைய.

பணத்தைப் பாதி பாதியாகப் பிரிப்பது நம் ஊர் வழக்கம். எனக்கு அது ஒத்துவரவில்லை, நான் மூன்றாகப் பிரிக்கிறேன். ஃபுட்டேஜ் கைக்கு வரும்போது 40 சதவீதம், ராஃப் கட் பார்த்த பிறகு 40, வாட்டர்மார்க் இல்லாத ஃபைல் போவதற்கு முன் 20. கடைசி 20 வராமல் நின்றாலும் வீட்டு வாடகையைக் கட்டிவிடலாம். "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நம்பிக்கை இருப்பதால்தான் அட்வான்ஸோடு வேலையைத் தொடங்குகிறேன் என்று சொல்வேன். அப்படியே கோபித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர்தான்.

ப்ராஜெக்ட் ஃபைல் பற்றியும் முன்கூட்டியே பேச வேண்டும். நாம் வெட்டியதை யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றக்கூடிய மூல ஃபைல் அது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு அமைப்புக்காக ஆவணப்படம் ஒன்றை ஐந்து வாரம் உட்கார்ந்து வெட்டினேன். "ஒரு காப்பி எங்ககிட்டயும் இருக்கட்டும்மா" என்றார்கள், ப்ராஜெக்ட் ஃபைலையே கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வேறொருவரை வைத்து முடித்துக்கொண்டார்கள். மீதிப் பணமும் வரவில்லை, டைட்டிலில் என் பெயரும் இல்லை. இப்போது என் கொட்டேஷனில் ப்ராஜெக்ட் ஃபைலுக்குத் தனி விலை உண்டு. வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம்.

அப்போது "என் வேலை, என் உரிமை" என்று நான் பேசிக்கொண்டிருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கு ஆசிரியர் என்பவர் அதன் தயாரிப்பாளர், எடிட்டர் அல்ல. ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை அவருக்கே என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. கல்யாண வீடியோவுக்கும் கடை விளம்பரத்துக்கும் இதுவேதான். நமக்கென்று ஏதாவது வேண்டுமானால் அதை ஒப்பந்தத்தில் எழுதித்தான் பெற முடியும். டைட்டிலில் பெயர் வேண்டுமா, எழுதுங்கள். ஷோரீலில் (நம் வேலைகளின் மாதிரித் தொகுப்பில்) போட்டுக்கொள்ள அனுமதி வேண்டுமா, அதையும் எழுதுங்கள். வெளிவராத விளம்பரத்தின் துண்டை ஆர்வத்தில் இன்ஸ்டாகிராமில் போட்டு, கிளையன்ட்டையும் பெயரையும் சேர்த்து இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். "அந்தப் பாட்டைப் போட்டுடுங்க, எல்லாரும் போடுறாங்க" என்பார்கள். ஒரு சினிமாப் பாட்டில் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. வியாபார விளம்பரத்துக்கு இரண்டுமே வேண்டும். கிளையன்ட் சொல்லும் பாட்டுக்கு உரிமம் வாங்கும் பொறுப்பு கிளையன்ட்டுடையது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உரிமத்தோடு விற்கும் ஆயத்த இசையை (ஸ்டாக் மியூசிக்) நீங்கள் வாங்கினால் அந்த உரிமத்தின் நகலைக் கடைசி ஃபைலோடு சேர்த்து அனுப்புங்கள்.

ஃபுட்டேஜை வைத்திருப்பதற்கும் செலவு இருக்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்தது மணிக்கு 45 ஜிபி வரும். மூன்று கேமரா, கேமராவுக்கு நான்கு மணி நேரம் என்றால் 540 ஜிபி. அதையும் ஒரே டிஸ்க்கில் வைக்க முடியாது, இரண்டு காப்பியாவது வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து 90 நாள் வைத்திருப்பேன், அதற்குள் உங்கள் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவைக்கிறேன். அழிப்பதற்கு முன் ஒரு மெயிலும் போடுவேன்.

பணம் நின்றுவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலான எடிட்டர்களுக்குத் தெரியாத ஒரு கதவு இருக்கிறது. தனி ஆளாக வேலை செய்யும் எடிட்டரும் மத்திய அரசின் உதயம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகர்தான், உள்ளே போகாதீர்கள். பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் துணைக்கு வரும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும், இல்லாவிட்டால் 15 நாளில். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதம் என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வரவில்லையென்றால் இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் மாநிலத்தின் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனுப் போடலாம்.

இந்த நாள் கணக்கு வேலையை ஒப்படைத்த நாளில் தொடங்குகிறது. குறை இருந்தால் அவர்கள் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆகவே கடைசி ஃபைலை வெறும் டிரைவ் லிங்க்காக வாட்ஸ்அப்பில் தட்டிவிடாமல், தேதியோடு மெயிலில் பில்லையும் சேர்த்து அனுப்புங்கள். பில்லில் உதயம் எண் இருக்கட்டும். குறு, சிறு தொழில்களுக்கு உரிய நாளில் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது என்று 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் விதி வந்துவிட்டது. நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் கிளையன்ட்டின் ஆடிட்டரே நமக்காகப் பேசுவார்.

ஒன்று மட்டும் கவனம். வேலையை ஒப்படைத்த பிறகு பதிந்துகொண்டால் பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. அதனால் முதல் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். பதியாதவர்களுக்கும் சாதாரண சிவில் வழக்கு உண்டு, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனங்கள் நம் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும், பான் எண் கொடுக்காவிட்டால் 20. அந்தப் பணம் உங்கள் பெயரில் அரசிடம் இருக்கிறது. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும். இதைத் தெரியாமல் விட்டுவிடுகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. வருடத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி எடுக்க வேண்டும். அப்போது கொட்டேஷனில் "ஜிஎஸ்டி தனி" என்ற இரண்டு வார்த்தை விட்டுப்போனால் 18 சதவீதமும் உங்கள் கையிலிருந்து போகும்.

அந்தத் தம்பி உதயத்தில் பதிந்திருக்கவில்லை. மெயில் ஒன்று எழுதச் சொன்னேன்: வேலை தொடங்கிய தேதி, ஒப்படைத்த தேதி, பேசிய தொகை, வந்த தொகை, மீதி, கூடவே பில். குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம், எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள் என்றேன். "கோவிச்சுப்பாங்களா அக்கா?" என்றார். நாலு மாசமா நீங்க கோவிச்சுக்கலையே தம்பி என்றேன்.

நான்கு நாள் கழித்து 15,000 வந்தது. மீதிக்கு மாதக் கடைசி என்று பதில் வந்திருக்கிறது. மெயிலிலேயே வந்ததால் கடனை ஒப்புக்கொண்டதற்கு அதுவும் ஒரு சான்று. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அடுத்த வேலைக்கான கொட்டேஷனை எனக்கு அனுப்பியிருந்தார். மூன்று தவணை, பாட்டு, ஃபுட்டேஜ் 90 நாள் எல்லாம் இருந்தது. "கரெக்‌ஷன்" என்று எழுதி, எத்தனை முறை என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். எண்ணைப் போடுங்கள் தம்பி என்று திருப்பி அனுப்பினேன்.