வேதியியலும் கணினியும் ஒரே பெஞ்சில்

எத்தனால், டைமெத்தில் ஈதர் இரண்டிலும் இருப்பது இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்தான். ஆனால் எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். அந்த ஈதரின் கொதிநிலையோ மைனஸ் 24. கடலூரின் எந்த மார்கழிக் குளிரிலும் அது வாயுதான். எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

வேதியியல் மாணவருக்கு இது மாற்றியம் பாடம்: அதே அணுக்கள், வேறு அமைப்பு. கணினி மாணவருக்கு இதுவே கிராஃப்: அணுக்கள் புள்ளிகள், பிணைப்புகள் கோடுகள். 1874-லேயே ஆர்தர் கேலி என்ற கணித அறிஞர் கிளை பிரியும் மர வடிவங்களைக் கொண்டு மாற்றியங்களை எண்ணப் பார்த்தார். கார்பனும் ஹைட்ரஜனும் ஒற்றைப் பிணைப்புகளால் மட்டும் சேர்ந்தது ஆல்கேன். பத்து கார்பன் கொண்ட ஆல்கேனுக்கு 75 மாற்றியங்கள். இருபது கார்பனுக்கு 3,66,319. கையால் வரைந்து மாளாது.

சரி, கணினியிடம் கொடுப்போம். அதற்கு முதலில் ஒரே மூலக்கூறை இரண்டு பேர் இரண்டு விதமாக வரைந்தாலும் 'இது அதேதான்' என்று தெரிய வேண்டும். 1965-இல் மார்கன் என்ற ஆய்வாளர் சொன்ன வழியின் அடிப்படை எளிது. 2-மெத்தில் பியூட்டேனை எடுத்துக்கொள்வோம்: நான்கு கார்பன் சங்கிலி, இரண்டாவதில் ஒரு கிளைக் கார்பன். ஒவ்வொரு கார்பனுக்கும், அதைத் தொட்டிருக்கும் கார்பன்களின் எண்ணிக்கையே மதிப்பெண். ஓரத்தில் இருக்கும் மூன்றுக்கும் 1, கிளை பிரியும் இடத்துக்கு 3, அதன் அடுத்ததற்கு 2. அப்புறம் ஒவ்வொன்றும் தன்னைத் தொட்டிருப்பவற்றின் மதிப்பெண்களைக் கூட்டிக்கொள்ளட்டும். கிளையை ஒட்டிய இரண்டு ஓரங்களுக்கும் 3 கிடைக்கும், தூரத்து ஓரத்துக்கு 2. இரண்டு சுற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து கார்பனுக்கு நான்கு வகை மதிப்பெண். கிளையை ஒட்டிய அந்த இரண்டும் எத்தனை சுற்று போனாலும் பிரியாது.

கார்பன்-13 என்.எம்.ஆர். என்பது, வெவ்வேறு சூழலில் இருக்கும் கார்பன்களுக்குத் தனித்தனி சிக்னல் காட்டி நிறமாலையாகத் தரும் காந்தக் கருவி. இதே சேர்மத்தை அதில் வைத்தால் வருவதும் நான்கு சிக்னல்கள்தான்! நிரலால் பிரிக்க முடியாத இரண்டு கார்பன்களைக் கருவியும் ஒன்றாகவே பார்க்கிறது. கணினி மாணவர் நிரல் எழுத, வேதியியல் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து நிறமாலையோடு ஒப்பிட வேண்டிய பாடம் இது. தனித்தனி வகுப்பில் நடத்தினால் இருவருக்கும் பாதிதான் கிடைக்கும்.

காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ஒரே வளாகத்தில் இரண்டு துறைகளும் இருக்கின்றன. தெற்கே கடலூர் சிப்காட்டில் வேதிப்பொருள் ஆலைகள். மூலக்கூறுகளைக் கையாளும் ஆர்.டி.கிட் மென்பொருள் இலவசம். பைத்தான் தெரிந்தால் சாதாரண மடிக்கணினியே போதும். இந்தப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டுப் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஆய்வக வகுப்புக்கு கார்வோன் என்ற மணப்பொருளைக் கொடுக்கலாம். அதன் ஒரு வடிவம் புதினா வகை மணம் தரும். அதன் கண்ணாடிப் பிம்பமான இன்னொரு வடிவம், சீரகம் போலிருக்கும் கேரவே விதையின் மணம் தரும். யார் யாரோடு பிணைந்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கும் நிரல் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்ணைப் போடும். வலம், இடம் எது என்று வேதியியல் மாணவர் காட்டினால்தான் கணினி மாணவர் அந்த நிரலைத் திருத்த முடியும்.